மாணவர் மையக் கேத்தல்

என் தேத்தண்ணீர்க் கேத்தலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வந்த கோபம் உங்களுக்கு விளங்காது.

சண்டிலிப்பாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரோடு சுண்ணாம்பும் சேர்ந்து வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சுண்ணாம்பு போகாது. கேத்தலின் அடியிலும் சுவரிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும். மற்ற வீடுகளில் இடைக்கிடை சுரண்டுவார்கள். நான் சுரண்டுவதில்லை. கலியாணம் கட்டிய வருடம் வாங்கிய கேத்தல் அது. கைபிடி உடைந்து செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. உள்ளே பிடித்த கல்லின் தடிப்பில் ஒரு கோப்பைத் தண்ணீருக்குத்தான் இடம் இருந்தது. இடம்பெயர்ந்து போனபோது அதைக் கையில் தூக்கிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் நின்றவன் வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாரமான கேத்தல் உலகத்தில் இருக்க முடியாதென்று என்னை வெயிலில் மறித்து வைத்தான். பிறகு சந்தேகம் தீர அவனே அதில் தேத்தண்ணீர் வைத்துக் குடித்தான். குடித்துவிட்டுத் தன் தாயை நினைத்து அழுதான். சாவடியில் நின்ற சனம் எல்லாவற்றையும் சோதிக்காமலே விட்டான். அந்தக் கல்லுக்கு அப்படியொரு குணம். காலையில் வைத்த தேத்தண்ணீர் பின்னேரம் வரை நாக்கைச் சுடும்.

அந்தக் கேத்தலைத்தான் கெடுத்தார்கள். கெடுத்தவர்கள் படித்தவர்கள்.

என் மருமகள் தனுசியா எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். என் மகனுக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் ஒரு தடவை வந்து உடுப்புத் தோய்க்கக் கொடுத்துவிட்டுப் போவான். தனுசியா நல்ல ஆசிரியை என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னது போதாதென்று அவள் ஆசிரியர்களுக்கான முதுமாணிப் படிப்புக்குப் போனாள். ஒருங்கிணைந்த, மாணவர் மையக் கற்றல் என்று அதற்குப் பெயர். கணக்கு வேறு, தமிழ் வேறு, சுற்றாடல் வேறு என்று பிள்ளையின் தலையை அறை அறையாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, பிள்ளையே கேட்டு, பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்க விடுவது. ஆசிரியர் குறையக் கதைக்க வேண்டும். பிள்ளை கூடக் கதைக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் படித்த காலத்தில் வகுப்பில் வாயைத் திறந்தது கொட்டாவி விடவும், அடி விழுந்தால் கத்தவும் மட்டுந்தான்.

படிப்பு சனி, ஞாயிறு. பெரிய மண்டபம். கலாநிதி பிரகலாதன் என்பவர் சுவரிலே சிலைட்டைப் போட்டு, சுவரில் இருப்பதை வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் மண்டபம் நிறைய இருந்து அதைக் கேட்பார்கள்.

முதல் சனிக்கிழமை அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது கேட்டேன்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன படிச்சனீ?"

"ஆசிரியர் கதைச்சுக்கொண்டு நிக்கக் கூடாது எண்டு படிச்சம் மாமா."

"ஆர் சொன்னது?"

"ஆசிரியர்தான்."

"எவ்வளவு நேரம் சொன்னவர்?"

"காலமை துவங்கினவர். சாப்பாட்டு மணி அடிச்சபடியாலை நிப்பாட்டினவர்."

நீர்வேலியிலிருந்து மயூரதன் என்றொரு வாத்தியார் அந்த வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். காலையில் கறுத்த தலையோடு போய் உட்கார்ந்தவர், சாப்பாட்டு மணி அடிக்கும்போது நரைத்த தலையோடு எழும்பினார். பெண்சாதி வீட்டுக்குள் எடுக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் பிள்ளைகள் குரலை வைத்து அடையாளம் கண்டு உள்ளே விட்டார்களாம். யாராவது கையை உயர்த்தினால் கலாநிதி, "கேள்வியளைக் கடைசியிலை கேக்கலாம்" என்பார். கடைசி ஒருநாளும் வருவதில்லை. மணிதான் வரும்.

இரண்டு வருடம் தனுசியா இதைச் சகித்தாள். மிச்சம் ஒன்றுதான். தன் சொந்த வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், கலாநிதி வந்து பின்னால் இருந்து பார்ப்பார். தேறினால் பட்டம். தேறாவிட்டால் அடுத்த தொகுதியோடு போய் அதே மண்டபத்தில், அதே சிலைட்டுகளை, முதலில் இருந்து கேட்க வேண்டும்.

"அதைத் திரும்பக் கேக்கிறதிலும் பார்க்க நான் கிணத்துக்கை இறங்கி இருப்பன் மாமா" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாலும் முகம் விளையாடவில்லை.

ஒருநாள் காலை எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனவள் கேத்தலுக்குள் பார்த்தபடி நின்றுவிட்டாள். ஏதோ பல்லி விழுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"மாமா, இதுதான் என்ரை பாடம்" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கும் உசார் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கேத்தலைக் கொண்டு வரும். உள்ளே பிடித்த கல்லைப் பார்க்கும். ஏன் ஒரு வீட்டில் தடிப்பு, ஒரு வீட்டில் மெல்லிசு? எந்தக் கிணறு, எவ்வளவு காலம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் கொதித்தது? அது கணக்கு. கல் எங்கிருந்து வந்தது? அது சுற்றாடல். கேத்தலுக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்? அது தமிழ். ஒரு கேத்தலுக்குள் ஒரு பள்ளிக்கூடமே இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அதிபர் இருந்ததுதான் பிழை.

அதிபர் பரமலிங்கம் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு இருந்தது வரவேற்பு வருத்தம் என்றொரு நோய். ஆர் வந்தாலும் வாசலில் மாலை, சந்தனம், கையில் ஒரு தேசிக்காய், பாண்ட் வாத்தியம், மங்கல விளக்கு, வரவேற்புரை. ஒருமுறை வழி தவறிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்த ஐஸ்கிறீம் வான்காரனை இறக்கி, மாலை போட்டு, விளக்கேற்ற வைத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அதிபரின் வரவேற்புரை முடிந்து அவன் வானுக்குத் திரும்பி வந்தபோது ஐஸ்கிறீம் முழுவதும் உருகி வாய்க்காலாய் ஓடி, வடக்கு மதிலோரம் நின்ற வேம்பு அந்த வருடம் இனிப்பாகப் பழுத்தது. வௌவால்களைக் கேட்டால் சொல்லும்.

பாடம் பார்க்கக் கலாநிதி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பரமலிங்கத்தார் நித்திரையை விட்டார். பாண்ட் பழக்கினார். பிறகு நான்காம் வகுப்புக்குள் போய், பிள்ளைகள் தாங்களாகக் கேட்கும் கேள்விகளைத் தானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தார். தனுசியா அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். பழைய மாணவர் சங்கத் தலைவர் என்ற முறையில் மாலைக் கணக்குக் கதைக்க நானும் அங்கே இருந்தேன்.

"சேர், பிள்ளையள் தாங்களாக் கேக்கவேணும். அதுதான் இந்தப் படிப்பின்ரை உயிர்."

"தாங்களாத்தான் கேக்கப் போகினம் ரீச்சர். நான் சொல்லிக் குடுத்ததைத் தாங்களாக் கேப்பினம்."

"அதுக்குப் பேர் தாங்களாக் கேக்கிறதே?"

"பின்னை நானே கேக்கப் போறன்? வாய் அவையின்ரைதானே?"

"தாரிகாவுக்கு மட்டும் ஏன் கேள்வி குடுக்கேல்லை?"

அதிபர் நெற்றியைத் துடைத்தார். தாரிகா எங்கள் பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் மகள். பிறந்த அன்று மருத்துவமாதைப் பார்த்து ஏன் என்று கேட்ட பிள்ளை அது. அதிபரிடமே ஒருநாள், பாண்ட் அடித்தால் வாறவருக்கு என்ன விளங்கும் என்று கேட்டிருக்கிறது.

"அவளை வாயே திறக்கக் கூடாதெண்டு சொல்லிப் போட்டன். அவள் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்ல இந்த மாவட்டத்திலை ஆள் இல்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை, நீங்களாவது உங்கடை மருமகளுக்குச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தின்ரை மானமல்லோ?"

"கேள்வி கேக்கிற பிள்ளையின்ரை வாயைக் கட்டிப்போட்டுத்தான் கேள்வி கேக்கிற வகுப்பைக் காட்டப் போறியள்" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றார், நான் மெச்சியதாக நினைத்து.

இவ்வளவோடு விட்டிருந்தாலும் தப்பியிருக்கலாம். பாடத்துக்கு முதல்நாள் அவர் பெற்றோரின் வைபர் குழுவுக்கு ஒரு செய்தி போட்டார். நாளை விருந்தினர் வந்து பிள்ளைகளின் கேத்தல்களைப் பார்வையிடுவார், தவறாமல் அனுப்பவும் என்று. ஏன் எதற்கென்று ஒரு சொல் இல்லை.

மத்தியானம் குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, உங்கடை மரத்திலை தேசிக்காய் கிடக்கே?"

எலுமிச்சை ஊறுகாய் போடப் போகிறாளாக்கும் என்று பிடுங்கிக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் பின்வீட்டுக்காரி வந்தாள். பிறகு சந்தி வீட்டுக்காரி. பின்னேரம் ஊரில் ஒரு தேசி மரத்திலும் காய் இல்லை. நல்லாய்ப் பழுக்காத தோடங்காயைக்கூட விடவில்லை. கடையில் வினாகிரி முடிந்து, பழப்புளியும் முடிந்தது. தேய்க்கிற சத்தத்தில் காகங்கள் மானிப்பாய்ப் பக்கம் போய்விட்டன. தனுசியாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பின்னேரம் முழுவதும் வகுப்பறையில் கதிரை மேசைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் குணலட்சுமியைக் கேட்டேன். அவள் என்னைப் புதினமாகப் பார்த்தாள்.

"வெளியாக்கள் பாக்கிற சாமானை ஊத்தையோடை அனுப்பினால், அந்த வீட்டிலை பொம்பிளை இல்லையோ எண்டு கேக்கமாட்டினமே ஐயா?"

அவளில் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் வெளியாள் வருகிறார் என்றால் கிணற்றையும் கவிழ்த்துக் கழுவிவிடுவார்கள்.

பாடத்தன்று காலை பிள்ளைகள் ஒரு கையில் கேத்தல், மறுகையில் கொடி என்று முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். கலாநிதி பிந்தி வந்தார். பிள்ளைகளை நிழலில் விடச் சொன்னேன். வரிசை குலைந்துவிடும் என்றார் அதிபர். லக்ஷன் என்கிற பொடியனுக்குத் தலை சுற்றி, அவனைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் இருத்தினோம். மாணவர் மையம் என்றால் இதுதான் போலும், வெயிலின் மையத்தில் மாணவர். கலாநிதி வந்து இறங்கினார். மாலை விழுந்தது, சங்கத் தலைவர் என்று எனக்கும் ஒன்று. சந்தனம் பூசி, கையில் தேசிக்காயைக் கொடுத்தார்கள். ஊர்த் தேசிக்காய் எல்லாம் கேத்தலுக்குள் போய்விட்டதால் அதிபர் அந்த ஒன்றை அரியாலையில் இருக்கிற தன் தமக்கை வீட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். வரவேற்பில் கொடுக்கிற தேசிக்காயை என்ன செய்வதென்று இதுவரை எந்த விருந்தினருக்கும் தெரிந்ததில்லை. கலாநிதியும் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியபடி இருந்தார்.

வரவேற்புரை தொடங்கியது. அதன் நீளத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தொடங்கும்போது என் நிழல் மேற்கே கிடந்தது, முடியும்போது கிழக்கே கிடந்தது.

ஒருவழியாக வகுப்புக்குள் போனோம். கலாநிதியும் அதிபரும் நானும் பின்னால் இருந்தோம். பிள்ளைகள் கேத்தல்களை மேசையில் வைத்தார்கள்.

தனுசியாவின் முகத்தை நான் பார்த்தேன். கல்லைக் காட்டிப் பாடம் நடத்த வந்தவளுக்கு முன்னால் வகுப்பு நிறையக் கண்ணாடிபோல் மின்னுகிற கேத்தல்கள். சில புத்தம் புதியவை. கலியாணத்துக்கு வந்து கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பரிசுச் சாமான். ஒன்றில் 'மணமக்களுக்கு' என்று ஒட்டியபடி இருந்தது. ஒன்றிலாவது மருந்துக்கும் கல் இல்லை.

அவள் வாய் திறக்க முன்னம் டிலக்ஷன் என்றொரு பொடியன் எழும்பினான். அதிபர் தலையை ஆட்டினார். டிலக்ஷன் தன் கேத்தலை உயர்த்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தான்.

"ஆசிரியர் அவர்களே, இக்கேத்தலின் அடியில் ஏன் வெண்ணிறப் படிவு காணப்படுகின்றது?"

கேத்தலிலிருந்து தெறித்த வெயில் கலாநிதியின் கண்ணில் அடித்தது. அவர் எட்டிப் பார்த்தார். தன் முகந்தான் தெரிந்தது.

லக்ஷன் எழும்பினான். அவனுக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "இப்படிவின் தடிப்பு வீட்டுக்கு வீடு ஏன் வேறுபடுகின்றது?"

மூன்றாவது பிள்ளை எழும்ப முன், தாரிகாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"படிவு எங்கையடா கிடக்கு? ஒண்டும் இல்லாததைக் காட்டி ஏன் ஏன் எண்டுறியள்! ரீச்சர், கல்லு எங்கை போச்சு?"

அதிபர் கதிரையை விட்டுப் பாதி எழும்பினார். தனுசியாவின் கையில் பாடக்குறிப்பு இருந்தது. கல் பிடித்த கேத்தலின் படமும் வரைந்து சுருட்டி வைத்திருந்தாள். படத்தைத் தொங்கவிட்டுக் குறிப்பின்படி போயிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் குறிப்பை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நல்ல கேள்வி. கல்லு எங்கை போச்சு? ஆருக்குத் தெரியும்?"

வகுப்பு வெடித்தது.

"எங்கடை அம்மா தேசிக்காய் விட்டவ ரீச்சர்! புஸ்ஸெண்டு பொங்கினது!"

"எங்கடை வீட்டிலை வினாகிரி! அப்பா இருமிக்கொண்டு றோட்டுக்கு ஓடினவர்!"

"நாங்கள் உமி போட்டுத் தேய்ச்சது. போகேல்லை. அதுதான் இது பெரியம்மான்ரை கேத்தல்."

"எங்கடை அப்பா ஸ்குறூட்ரைவராலை குத்தினவர்" என்று லக்ஷன் தன் கேத்தலைத் திருப்பிக் காட்டினான். அடியில் இருந்த ஓட்டைக்குள்ளால் அவன் கண் தெரிந்தது.

"சரி. உமிக்குப் போகாத கல்லு தேசிக்காய்க்கு ஏன் போனது?" என்றாள் தனுசியா.

"செய்து பாப்பம்" என்றாள் தாரிகா. "கல்லுப் பிடிச்ச கேத்தல் வேணும். ஆழ்வார் தாத்தா வீட்டிலை கிடக்கு! அவர் ஒருநாளும் கழுவுறேல்லை!"

வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கழுத்தில் மாலையோடு, ஒரு சங்கத்தின் தலைவராக உட்கார்ந்திருந்தேன். என் மானத்தைப் பற்றி ஆர் கவலைப்பட்டது? நாலு பிள்ளைகள் றோட்டைக் கடந்து ஓடினார்கள். கேத்தலை இருவர் கைபிடியில் பிடிக்க, இருவர் அடியைத் தாங்க, சாமி தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே பார்த்தவர்கள் எல்லாரும் "ஓ!" என்றார்கள். அந்த மரியாதையை என் கேத்தலுக்கு அதுவரை ஒருவரும் தந்ததில்லை.

இனித் தேசிக்காய். ஊரில்தான் ஒன்றும் இல்லையே. தாரிகா வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே கலாநிதிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், உந்தத் தேசிக்காயைத் தாங்கோவன். நீங்கள் அதை ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

கலாநிதி கொடுத்துவிட்டார். கொடுத்ததும் அவருடைய கைக்கு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

பிழிந்தார்கள். கல் சீறி நுரைத்தது. ஒரு பிள்ளை காதை வைத்துப் பார்த்து, "கதைக்குது ரீச்சர்!" என்றது. பிறகு எல்லாரும் காது வைத்தார்கள். வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி அதில் தேசிப்புளி சொட்டினார்கள், அதுவும் சீறியது. அப்படியானால் கல்லும் சுவரும் ஒரே சாதியோ என்று ஒருவன் கேட்க, கிணற்றுக்கு அடியில் இருப்பதும் அதுதானோ என்று இன்னொருத்தி கேட்க, தனுசியா "எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?" என்ற ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். டிலக்ஷன் கண்ணைத் திறந்துகொண்டு, மனப்பாடம் பண்ணாத ஒரு கேள்வியைக் கேட்டான். "கேத்தலுக்கை கல்லுப் பிடிச்சால், எங்கடை வயித்துக்கையும் பிடிக்குமே?" மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

நான் என் மருமகள் பட்டம் வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் சாப்பாடு பரிமாறியிருந்தது. கலாநிதி கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"முதல் ரெண்டு கேள்வியும் அருமை. மொழிநடை, ஒழுக்கம், எல்லாம் திறம். அப்பிடியே போயிருக்கலாம். பிறகு நடந்ததுக்கும் பாடக்குறிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிள்ளையள் அனுமதி கேக்காமல் கதைச்சவை. ஆசிரியர் வகுப்பிலை தன்ரை இடத்தை விட்டிட்டா. விருந்தாளியின்ரை கையிலை இருந்த பொருளையும் பறிச்சவை. எப்பிடிப் பாஸ் போடுறது?"

தனுசியா சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"சேர், ஆசிரியர் குறையக் கதைக்கவேணும், பிள்ளையின்ரை கேள்வியிலை இருந்து பாடம் போகவேணும் எண்டு ரெண்டு வருசமாச் சொன்னது நீங்கள்தானே?"

"அது கோட்பாடு" என்றார் கலாநிதி, பப்படத்தை உடைத்தபடி.

நான் எழும்பினேன். சொல்ல வந்ததை இங்கே எழுத முடியாது. பரமலிங்கத்தார் குறுக்கே பாய்ந்து, விருந்தினருக்கென்று வைத்திருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தி என்னை இருத்திவிட்டார். கோபத்தில் நிற்கிற மனிதனுக்குப் பொன்னாடை போர்த்தினால் அவன் என்னதான் செய்வது? போகும்போது கலாநிதி, "இந்தக் கேத்தலை ஆய்வுக்குக் கொண்டுபோறன்" என்று சொல்லி என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் வாகனத்தில் ஏற்றினார். அவரைப் பாடசாலை வாசல் வரை பாண்ட் அடித்து வழியனுப்பினார்கள்.

அந்த வருடம் நான் சட்டியில் வைத்த தேத்தண்ணீர் குடித்தேன். தனுசியா மறுபடியும் பதிந்தாள்.

"விடு பிள்ளை. உவங்களின்ரை பட்டம் இல்லாட்டில் உனக்குப் படிப்பிக்கத் தெரியாதே?" என்றேன்.

"நான் பிழை விட்டிருந்தால் விட்டிருப்பன் மாமா. சரியாச் செய்ததுக்கு ஏன் விடவேணும்?"

சனிக்கிழமைகளில் மறுபடி அதே மண்டபம். நீர்வேலி மயூரதன் வாத்தியாரும் அதே மாதிரித் தோற்று வந்து, பஞ்சுபோன்ற தலையோடு பக்கத்தில் இருந்தார். அரியாலையிலிருந்து ஜெறோம் என்றொரு புது ஆசிரியர் வந்து சேர்ந்திருந்தார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கலாநிதி புதிய சிலைட் ஒன்றைப் போட்டார். 'கிராமப் பாடசாலை ஒன்றில் எனது வழிகாட்டலில் நிகழ்ந்த முன்மாதிரிப் பாடம்.' படத்தில் ஒரு சின்னக் கை தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தது. பாடம் நடந்தபோது கைத்தொலைபேசியில் பிடித்திருக்கிறார். கீழே, மாணவர் தாமாகவே வினா எழுப்பினர், ஆசிரியர் பின்னணிக்குச் சென்றார், கற்றல் முன்னணிக்கு வந்தது என்று எழுதியிருந்தது. கலாநிதி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். முன்னால் மேசையில், பட்டுத்துணி விரித்து, ஒரு கேத்தல் வைத்திருந்தது. கைபிடியில் செம்புக் கம்பி.

தனுசியா எழும்பினாள்.

"கேள்வியளைக் கடைசியிலை கேக்கலாம்" என்றார் கலாநிதி நிமிராமல்.

"இது கேள்வி இல்லை சேர். இது எங்கடை மாமான்ரை கேத்தல்."

மண்டபத்தின் நடுவால் நடந்து போனாள். பாரம் தெரியுமாதலால் காலை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். கேத்தல் துள்ளிக்கொண்டு மேலே போனது. அவளே பின்னால் விழப் பார்த்தாளாம். மூடியைத் திறந்தாள். உள்ளே பளிச்சென்று இருந்தது.

"கல்லு எங்கை சேர்?"

கலாநிதி முதன்முறையாகச் சிலைட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"வீட்டிலை வினாகிரி ஊத்திக் கழுவினவை. நாலுபேர் பாக்கிற சாமானல்லோ."

ஜெறோம் மாஸ்டர் எழும்பினார்.

"ரீச்சர், அப்ப இந்தப் பாடம் நடத்தினது நீங்களே?"

"ஓம்."

"என்ன முடிவு தந்தவை?"

"ஃபெயில்."

மணி அடித்தது. கலாநிதி அவசரமாகக் கணினியை மூடினார். "நேரம் முடிஞ்சுது. சாப்பிடப் போவம்."

"அப்ப கடைசி வந்திட்டுது சேர்" என்றார் ஜெறோம். "இப்பத்தானே கேள்வி?"

ஓர் ஆசிரியரும் எழும்பவில்லை. ஒருவர் கேட்டார், முன்மாதிரிப் பாடத்துக்கு ஏன் தோல்வி என்று. இன்னொருவர் கேட்டார், எங்கள் பாடங்களையும் அப்படித்தான் பார்த்தீர்களா என்று. மயூரதன் வாத்தியார் இரண்டு வருடம் உயர்த்தி வைத்திருந்த கையை அன்றுதான் இறக்கி, வாய் திறந்து கேட்டார். அவர் வீட்டுக்குப் போனபோது தலையில் பாதி கறுத்திருந்ததாம். பெண்சாதி இந்தமுறையும் உள்ளே விடவில்லை. பின்னேரம் வரை கேள்விகள் நடந்தன. அந்த மண்டபத்தில் நடந்த முதலாவது மாணவர் மைய வகுப்பு அதுதான் என்று தனுசியா சொன்னாள்.

அதற்குப் பிறகு பேராசிரியர் ஒருவர், நடுவயதுப் பெண்மணி, மறுபடி பாடம் பார்க்க வந்தார். மாலை, பாண்ட், தேசிக்காய் ஒன்றும் கூடாதென்று முதலே சொல்லி அனுப்பியிருந்தார். பரமலிங்கத்தார் படுக்கையில் விழுந்தார். பேராசிரியர் பின்னால் இருக்கவில்லை. பிள்ளைகளோடு குந்தி இருந்தார். அடுத்த வகுப்புக்குப் போயிருந்த தாரிகா யன்னலால் தலையை நீட்டி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மருமகள் தேறிவிட்டாள் என்று தெரிந்தது. தேறினாள்.

பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். எல்லாரும் வந்து பார்த்துச் சந்தோசப்படுகிறார்கள். நல்லது. ஆனால் என் கேத்தலைப் பற்றி ஒரு மனிதரும் விசாரிக்கவில்லை. கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து பிடித்த கல். இப்போது அதில் ஊர் முழுவதற்கும் தேத்தண்ணீர் வைக்கலாம், வைத்தால் கோப்பைக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. தாரிகா மட்டும் பள்ளிக்கூடம் விட்டதும் அடிமட்டத்தோடு வந்து மூடியைத் திறந்து அளந்து பார்க்கிறாள்.

"தாத்தா, இன்னும் ஒண்டும் பிடிக்கேல்லை. ஏன்?"

"கலாநிதியைப் போய்க் கேள்" என்கிறேன்.

நேற்று குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பட்டமளிப்புப் படம் பார்க்க ஆக்கள் வாறபடியால் அந்தக் கேத்தலை ஒருக்காத் தேய்த்துத் தரட்டோ என்று கேட்டாள். இப்போது நான் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.